ஊரடங்கில் ஓய்வூதியர் வீடு

கேள்வி சுருக்கமாக இது: "என் அப்பா, அம்மா இருவரும் ஓய்வுபெற்றவர்கள். மதுரையில் தனியாக இருக்கிறார்கள். கொரோனா ஊரடங்கின்போது நான் துபாயில் மாட்டிக்கொண்டேன். அந்த நாட்களைப் பற்றி இப்போது கேட்டால், 'எங்களுக்கென்ன, நன்றாகத்தான் இருந்தோம்' என்று முடித்துவிடுகிறார்கள். அந்த வயதில் இரண்டு பேர் ஒரு வீட்டுக்குள் உண்மையில் எப்படி நாளைக் கடத்தினார்கள்?"

உங்கள் பெற்றோர் பொய் சொல்லவில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கென்று அப்போது எல்லா வீட்டிலும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தோம். அது வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பெங்களூரில் இருக்கும் என் மகளுக்கு நானும் அதையேதான் ஒப்பித்தேன்.

நான் அஞ்சல் துறையில் இருந்து 2014-இல் ஓய்வுபெற்றவன். கடைசியாக உட்கார்ந்த நாற்காலி ஸ்காட் ரோடு தலைமை அஞ்சலகத்தில். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. அடுத்த ஆண்டு மே மாதம் ஓய்வு. வீடு எஸ்.எஸ். காலனியில். தெருவில் அவள் 'டீச்சர்', நான் 'டீச்சர் வீட்டுச் சார்'. ஊரடங்கு வந்தபோது எனக்கு 66 வயது, அவளுக்கு 63.

இருவரும் ஓய்வுபெற்றவர்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஓய்வுபெற்றது நான் ஒருவன்தான் என்பது 2020 மார்ச் கடைசியில்தான் எனக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வருவதுதான்.

அதற்கு முந்தைய என் ஒரு நாளைச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்தேகாலுக்கு அரசரடி மைதானத்தில் நடை. அப்படியே காளவாசல் பக்கம் ஒரு டீ, இரண்டு பத்திரிகை, நாலு பேரோடு ஊர் வம்பு. ஏழரைக்கு வீடு. பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்கு மறுபடி கிளம்பினால் வங்கி, மின்கட்டணம், யாருக்காவது ஓய்வூதிய மனு எழுதிக் கொடுப்பது. ஒரு மணிக்குச் சாப்பாடு, தூக்கம். ஐந்து மணிக்குச் சித்திரை வீதிப் பக்கம் போனால் இரவு எட்டுக்குத் திரும்புவேன். விழித்திருக்கும் நேரத்தில் பாதி நேரம் நான் வீட்டில் இல்லை. அந்தப் பாதிதான் அவளுக்குச் சொந்தமான நேரம். ரேடியோ, தங்கையோடு தொலைபேசி, மொட்டை மாடியில் செடிகளோடு பேச்சு. முப்பது வருடம் பள்ளிக்கூடத்திலும் அடுப்படியிலும் மாறி மாறி நின்றவளுக்கு அது ஓய்வுக்குப் பிறகு கிடைத்த ஒரே சொத்து. ஊரடங்கு என்றதும் முதலில் பறிபோனது அதுதான். பறித்தவன் நான்.

மார்ச் 22, ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. மாலை ஐந்து மணிக்குத் தெருவே வாசலில் நின்று கைதட்டியது. நான் உற்சாகம் தாளாமல் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டி நெளித்துவிட்டேன். "அதைத் தேய்ப்பதற்கு நாளையிலிருந்து ஆள் வராது, தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். அவள் சொன்னபடியே ஆயிற்று. 24-ஆம் தேதி மாலை மாநிலத்தில் 144 தடை. அன்று இரவே நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிப்பு. மறுநாள் விடிவதற்குள் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம், அதுவும் எங்கள் ஊரில், அரசு ராஜாஜி மருத்துவமனையில். இறந்தவருக்கு வயது 54 என்று செய்தி சொன்னது. எங்கள் தெருவில் 54 வயதுக்காரரை நாங்கள் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவோம்.

பயம் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் முதல் இரண்டு வாரம் வீட்டில் நடந்த சண்டைகள் எதற்கும் கொரோனா காரணமில்லை. நான்தான் காரணம். வேலையில்லாத மனிதன் வீட்டுக்குள் இருந்தால் என்ன செய்வான்? ஆய்வு செய்வான். கேஸ் ஏன் இவ்வளவு பெரிதாக எரிகிறது, உளுந்து ஏன் இரண்டு டப்பாவில் இருக்கிறது, தேங்காய் மூடி ஏன் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அடுப்படி அலமாரியை முழுவதும் இறக்கி, தபால் பிரிக்கும் சார்ட்டிங் கேஸ் மாதிரி அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு சம்படத்திலும் பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டேன். அரிசி, இஞ்சிப்பொடி, உளுந்து, எள் என்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவள் வந்து பார்த்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அடுப்படியில் கை போகிற தூரத்தை வைத்துத்தான் பொருள் இருக்கும், எழுத்தை வைத்து இருக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. கடுகும் சீரகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். தாளிக்கும்போது எண்ணெய் காத்துக்கொண்டிருக்காது.

மூன்றாம் நாள் அவளே பேசினாள். "உங்களுக்கு வேலைதானே வேண்டும்? பத்துப்பாத்திரம் இருக்கிறது."

இப்படித்தான் எனக்கு மறுநியமனம் ஆயிற்று. உங்கள் அப்பாவும் ஏதாவது ஒரு வேலைக்கு இப்படி எடுக்கப்பட்டிருப்பார், விசாரித்துப் பாருங்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மாவரைத்தார். எதிர்வீட்டுக்காரர் கடைசிவரை எந்த வேலையும் செய்யவில்லை. காலை முதல் தொலைக்காட்சிச் செய்தி, மாலையில் சுகாதாரத் துறை வெளியிடும் மாவட்ட வாரிக் கணக்கு, அதை நோட்டில் குறித்து வைத்து மறுநாள் கூட்டிப் பார்ப்பது. அந்த வீட்டு அம்மா மாலை ஆறு மணிக்கு மாடிக்கு ஓடிவந்து எங்கள் மாடியைப் பார்த்து நிற்பார்கள். இரண்டு பெண்களும் நடுவில் சந்து இருக்கும் தூரத்தில் நின்று அரை மணி நேரம் பேசுவார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

வேலைக்கு வரும் அம்மா பொன்மேனியில் இருந்து வருவார். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வேலைக்கு வராமலே முழுச் சம்பளம் கொடுத்தோம். ஜூனில் நான் பாதி போதும் என்றேன். மனைவி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. மீதிப் பாதியைத் தன் பணத்தில் இருந்து கொடுத்திருக்கிறாள் என்பது, அந்த அம்மா ஆகஸ்டில் திரும்பி வந்து எனக்கு நன்றி சொன்னபோதுதான் தெரிந்தது. கூச்சமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

ஏப்ரல், மே என்றால் மதுரையில் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரே அடைத்துக் கிடந்தபோது மொட்டை மாடி மட்டும் திறந்திருந்தது. வழக்கமாகக் கடையில் வாங்கும் வத்தல், வடகம் எல்லாம் அந்த ஆண்டு வீட்டில் போட்டோம். விடியுமுன் ஜவ்வரிசிக் கூழ் கிண்டி, பழைய வேட்டியை ஈரமாக விரித்து, கரண்டியால் வட்ட வட்டமாக ஊற்றுவது. காக்கை விரட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் நான். எந்தப் பதவியிலும் நான் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. பூக்காரம்மா வராததால், நந்தியாவட்டையையும் கனகாம்பரத்தையும் கலந்து அவளே தொடுத்து வைத்துக்கொண்டாள். மல்லிகை ஊரில் மல்லிகை இல்லாத தலையோடு பெண்கள் இருந்த கோடை அது.

பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவினோம், காய்கறியை மஞ்சளும் உப்பும் போட்டு ஊறவைத்தோம், பத்திரிகையை வெயிலில் காயவைத்துப் படித்தோம். பலதும் தேவையில்லாதது என்று பின்னால் தெரிந்தது. கபசுரக் குடிநீர் குடித்தோம், கசப்பு. வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியங்களை என் மைத்துனர் நாள் தவறாமல் அனுப்பினார். அவற்றைப் படித்ததால் கெடுதல் ஒன்றும் வரவில்லை என்பதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

உண்மையிலேயே சிரமமான நாட்கள் என்றால் ஏப்ரல் 26 முதல் 29 வரையிலான முழு ஊரடங்கையும், பரவை காய்கறிச் சந்தை வழியாகத் தொற்று பரவிய பிறகு ஜூன் 24-இல் தொடங்கி ஜூலை 14 வரை நீண்ட இரண்டாவது முழு ஊரடங்கையும் சொல்வேன். மற்ற ஊர்கள் மெல்லத் திறந்துகொண்டிருந்தபோது மதுரை திரும்பவும் மூடிக்கொண்டது. மாத்திரைதான் பெரிய கவலை. எனக்கு இரத்த அழுத்தம், அவளுக்குச் சர்க்கரை. தொலைபேசி வழியாக மருத்துவம் பார்ப்பதற்கான நெறிமுறையை மத்திய அரசு 2020 மார்ச் 25-இலேயே வெளியிட்டிருந்ததால், எங்கள் மருத்துவர் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மேல்வீட்டுத் தம்பி வாங்கி வந்து கேட்டில் மஞ்சள் பையில் தொங்கவிட்டுப் போவான். அரசு வீடு தேடி வந்து இந்த மாத்திரைகளைக் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில்தான் தொடங்கியது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓய்வூதியர் வீட்டில் அதைப் பிள்ளைகளிடம் சொல்லவே மாட்டார்கள். சம்பளக்காரர்களுக்கு வந்த இடி எங்களுக்கு வரவில்லை. முதல் தேதியில் ஓய்வூதியம் விழுந்தது. ஆனால் அகவிலைப்படியை மத்திய அரசும் மாநில அரசும் 2020 ஏப்ரலில் நிறுத்திவைத்தன. இருவருக்கும் 17 சதவீதத்தில் நின்றது. எனக்கு 2021 ஜூலையில் 28 ஆனது. அவளுக்கு 2022 ஜனவரியில்தான் 31 ஆனது. இடைப்பட்ட ஆறு மாதம் நான் மத்திய அரசு, அவள் மாநில அரசு என்பதை அவள் தினமும் நினைவுபடுத்தினாள். அதைவிட வலித்தது வட்டி. அவள் ஓய்வுப் பணத்தை 2015-இல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 9.3 சதவீதத்துக்குப் போட்டிருந்தாள். ஐந்தாண்டு முடிந்து 2020 ஜூனில் திரும்பப் போட்டபோது 7.4. அன்றைய உச்சவரம்பான 15 லட்சத்துக்கு, காலாண்டுக்கு 34,875 ரூபாய் வந்த இடத்தில் 27,750. அஞ்சலகத்தில் இந்தத் திட்டத்தை ஊருக்கெல்லாம் விளக்கிச் சொன்னவன் என் வீட்டில் விளக்கிச் சொல்லத் திணறினேன்.

இதையும் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரக் கூடாது. ஹார்விபட்டியில் என் பால்ய நண்பர் ஒருவர் இருக்கிறார். மில் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்றவர். வருங்கால வைப்பு நிதியில் இருந்து அவருக்கு வரும் ஓய்வூதியம் ஆயிரத்துச் சொச்சம். ஏப்ரலில் ரேஷன் கடையில் கொடுத்த 1,000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் அவர் வீட்டில் எண்ணி எண்ணிச் செலவாயின. அவர் மனைவி பழைய தையல் இயந்திரத்தில் முகக்கவசம் தைத்து விற்றார். அங்கே யார் பாத்திரம் தேய்ப்பது என்ற கேள்வியே எழவில்லை; இரண்டு பேரும் எப்போதும் சேர்ந்தே எல்லாம் செய்தவர்கள். நான் 66 வயதில் கற்றதை அவர் இருபதில் கற்றிருந்தார்.

சித்திரைத் திருவிழா இல்லாத மதுரையை என் அம்மாகூடப் பார்த்ததில்லை. 2020 மே 4 அன்று திருக்கல்யாணம் கோயிலுக்குள் சில பட்டர்களோடு முடிந்தது, எங்களுக்கு நேரலைதான். என் மனைவி அதிகாலையில் தலைக்குக் குளித்து, பட்டுச்சேலை கட்டி, முன்பு கோயிலில் வாங்கி வைத்திருந்த மஞ்சள் கயிற்றை எடுத்துத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தாள். வழக்கமாக நாத்தனாரும் தங்கையும் கூட இருந்து மாற்றுவார்கள். அன்று முடிச்சைப் பிடித்துக்கொள்ள நான்தான் இருந்தேன். நாற்பது வருடத்துக்கு முன் கட்டியதற்குப் பிறகு அதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். அழகர் அந்த ஆண்டு ஆற்றுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. கோயில் கதவு செப்டம்பர் 1-இல் திறந்தபோதும் 65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அவளுக்கு 63 என்பதால் என்னை விட்டுவிட்டுப் போய் வந்தாள். பிரசாதம் கொண்டுவந்தாள்.

ஓய்வூதியருக்கு ஆண்டுக்கொரு முறை உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டுமே! அவளுக்கு நேர்காணலில் இருந்து 2020-இலும் அடுத்த ஆண்டிலும் மாநில அரசு விலக்களித்தது. எனக்கு வாழ்நாள் சான்றிதழுக்கான கடைசித் தேதியைத் தள்ளித் தள்ளி 2021 பிப்ரவரி வரை கொண்டுபோனார்கள். அதற்குள் தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு விரல்ரேகை பதிந்து சான்றிதழ் எடுத்துக் கொடுக்கும் வசதி வந்தது. வந்தவர் எனக்குத் தெரிந்த பையன். நாலு விரலை வைத்தும் கருவி ஏற்கவில்லை. "சார், பாத்திரம் ஏதும் தேய்க்கிறீர்களா? ரேகையே இல்லையே" என்றான். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஐந்தாவது விரலில் நான் உயிரோடு இருப்பது உறுதியானது.

இரண்டாவது அலை வேறு மாதிரி. 2021 மார்ச் 1 முதல் எங்கள் வயதுக்குத் தடுப்பூசி திறந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் முதல் ஊசி போட்டோம். இரண்டாவது ஊசிக்குத் தயாராகும் நேரத்தில், மே 13 அன்று கோவிஷீல்டுக்கான இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று நீட்டினார்கள். மே 24-இல் தளர்வில்லாத முழு ஊரடங்கு. காய்கறி வண்டிகள் தெருவுக்கு வந்தன. அந்த வாரத்தில் ஒரு மதியம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள் பெருங்காய டப்பாவை மூக்கருகே கொண்டுபோய், மறுபடி கொண்டுபோய், "வாசனையே வரவில்லைங்க" என்றாள். இரவில் காய்ச்சல்.

பரிசோதனையில் அவளுக்கு இருந்தது, எனக்கு இல்லை. ஆக்சிஜன் 97 இருந்ததால் வீட்டுத் தனிமை போதும் என்றார் மருத்துவர். கழிப்பறையோடு இருந்த உள்ளறை அவளுக்கு, கூடம் எனக்கு. கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரை மருதாணி இல்லாத விரலில், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு மாட்ட வேண்டும். ஆறு நிமிடம் அறைக்குள் நடந்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். 94-க்குக் கீழே போனால் காத்திருக்காமல் கூப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை அவள் உள்ளே இருந்து எண் சொல்வாள், நான் நோட்டில் எழுதுவேன். 96, 97, 95, 96. அந்த 95-ஐப் பார்த்த இரவு நான் கூடத்தில் உட்கார்ந்தே விடியவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம்.

பத்து நாள் சமைத்தேன். அவள் அடுத்த அறையில் இருந்து கைப்பேசியில் கூப்பிட்டு நடத்தினாள். "மூன்று விசில் ஆகிவிட்டது, அணையுங்கள்." "புளி கொதிக்கட்டும், பச்சை வாசனை போகட்டும்." "வாசனை போனது எனக்கா புளிக்கா?" என்று நான் கேட்டதற்குக் கோபித்துக்கொண்டாள். இட்லி ஒருநாள் கல்லாக வந்தது. கஞ்சியும் பருப்பு ரசமும் ஓரளவு தேறின. மக்கள் ஊரடங்கன்று நான் நெளித்த தட்டைத்தான் அவளுக்கென்று தனியாக வைத்திருந்தேன். அதில் போட்டு, வாசலில் இருந்த ஸ்டூலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு ஆறடி பின்னால் போய் நிற்பேன். கை மட்டும் வெளியே வந்து தட்டை எடுக்கும்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அப்பாவும் அம்மாவும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீர்கள். அந்தத் தயார்ப் பதில்தான் வரும். அம்மாவைத் தனியாகப் பிடியுங்கள். எப்படி இருந்தீர்கள் என்று கேட்க வேண்டாம். அப்போது பாத்திரம் யார் தேய்த்தது, யார் யாரோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தீர்கள், உடம்புக்கு வந்தபோது யார் சமைத்தது என்று கேளுங்கள்.

என் மகள் அப்படித்தான் கேட்டாள், 2021 தீபாவளிக்கு வந்திருந்தபோது, அடுப்படியில் வைத்து. நான் கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறேன் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். "அந்தப் பத்து நாள் ரொம்பக் கஷ்டப்பட்டீர்களா அம்மா?"

"காய்ச்சல் இருந்தது. பயமும் இருந்தது. ஆனால் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சாப்பாடு என்னைத் தேடி வந்தது அப்போதுதான்டி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நல்லவேளை, ருசி தெரியவில்லை" என்றாள்.